சக்கரங்களுக்குக் காலுறை

எங்கள் அலுவலகத்தில் நோயாளி வேலை எப்போதும் எனக்குத்தான் வரும். இருப்பவர்களில் நான்தான் எடை குறைந்தவன், வயதிலும் இளையவன். 'இனுயி, படு' என்றால் ஏன் என்று கேட்காமல் படுத்துவிடுவேன்.

மருத்துவமனை கட்டுவதற்கு முன் அதன் ஓர் அறையை மட்டும் அட்டையால் முழு அளவில் கட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். வரைபடத்தில் எல்லாக் கட்டில்களும் எல்லா வாசல்களிலும் நுழைந்துவிடும். வரைபடத்தில் யாருக்கும் முழங்கை கிடையாது. அதனால் அட்டைச் சுவர், அட்டைக் கதவு எல்லாம் நிறுத்தி, உண்மையான கட்டிலைக் கொண்டுவந்து, உண்மையான செவிலியர்களைத் தள்ளச் சொல்வோம். கட்டிலில் நான் படுத்திருப்பேன். எலும்பு முறிந்தவனாகவும், அறுவை சிகிச்சை முடிந்தவனாகவும், ஒருமுறை பிரசவ வலி கண்டவளாகவும்கூட நடித்திருக்கிறேன்.

அந்த மார்ச் மாதம் ததேஹாமா ஊரின் நகராட்சி மருத்துவமனைக்காகக் கட்டினோம். இடம், மூடிப்போன ஆரம்பப் பள்ளியின் விளையாட்டுக் கூடம். வெளியே பனி இன்னும் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. உள்ளே இரண்டு மண்ணெண்ணெய் ஹீட்டர்கள் உறுமிக்கொண்டிருந்தன.

அறை, குஸுமி-சான் வரைந்தது. என் மேலதிகாரி அவர். நாலு பேர் படுக்கும் அறைதான், ஆனால் நாலு பேருக்கும் ஆளுக்கொரு ஜன்னல். வழக்கமான நாலு பேர் அறையில் இரண்டு பேருக்கு ஜன்னல் கிடைக்கும், மற்ற இரண்டு பேருக்கு நடைபாதைதான். ஜன்னலோரத்துக்காரர் கண் கூசுகிறது என்று திரையை இழுத்துவிட்டால் உள்பக்கத்துக்காரருக்குப் பகல் என்பதே இல்லை. குஸுமி-சான் வெளிச்சுவரை இரண்டு இடங்களில் உள்ளே மடித்து, உள்பக்கக் கட்டில்களுக்கும் ஒடுக்கமாக, உயரமாக ஒரு ஜன்னல் வைத்திருந்தார். அந்த மடிப்பு அறையின் இடத்தைத் தின்றது. அதனால் வாசலைத் தாண்டியதும் கட்டில் ஒரு முட்டுச் சுவரைச் சுற்றித் திரும்ப வேண்டியிருந்தது.

அந்தத் திருப்பத்தை நம்பித்தான் எல்லாம் இருந்தது. "கட்டில் திரும்பணும், எங்க தலைமை சிஸ்டர் சரின்னு சொல்லணும். ரெண்டும் நடந்தா கட்டிடுவோம். இல்லன்னா பழைய மாதிரி அறையே போதும்" என்று மருத்துவமனை இயக்குநர் டாக்டர் உகாய் முன்பே சொல்லியிருந்தார். குஸுமி-சான் இந்த அறையை இதற்கு முன் மூன்று மருத்துவமனைகளில் காட்டி மூன்றிலும் இழந்தவர். இது நாலாவது.

"இங்கேயும் போச்சுன்னா இனிமே கார் நிறுத்துற கட்டடம்தான் வரையப் போறேன்," என்றார் காலையில் டேப் ஒட்டும்போது. "காருக்கு ஜன்னல் அதுலயே இருக்கு."

பத்து மணிக்குச் செவிலியர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு முன்னால் தலைமைச் செவிலியர் சாயெகுசா. குட்டையான, நிமிர்ந்த பெண்மணி. அவர் வந்ததும் ஹீட்டர்கூடச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டது போலிருந்தது எனக்கு.

வாசலில் பள்ளியின் காவலாளி மொகாமி நின்றிருந்தார். பிள்ளைகள் போய்விட்டாலும் தரை இருக்கிறதே. அதை அவர் இன்னும் வாரம் ஒருமுறை மெழுகுபோட்டுத் தேய்த்துவந்தார். பலகையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். எல்லோரும் வெளிச் செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த உள்செருப்பை மாட்டிக்கொண்டார்கள். பின்னாலேயே லாரியிலிருந்து கட்டில் இறங்கியது.

மொகாமி கையைக் குறுக்கே நீட்டினார். "இது எங்க நடந்துட்டு வருது?"

"ஆஸ்பத்திரி வராண்டாவுலதாங்க," என்றேன்.

"ஆஸ்பத்திரில நீங்க எல்லாரும் வெளிச் செருப்போடதானே திரியுறீங்க?"

"ஆமாங்க."

"அப்போ இதுவும் வெளிச் செருப்புதான். கழட்டிட்டு உள்ள வரட்டும்."

"சக்கரத்தைக் கழட்டினா கட்டில் ஓடாதுங்களே."

"அப்போ காலுறை போடுங்க."

வேறு ஏதாவது நாட்டில் இந்த இடத்தில் யாராவது சிரித்திருப்பார்கள் என்று பிறகு நினைத்துக்கொண்டேன். எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் சொன்னதில் தப்பு எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. "நாமதான் முன்னாடியே யோசிச்சிருக்கணும்," என்று குஸுமி-சான் குனிந்து மன்னிப்புக் கேட்டார். சாயெகுசாவும் தலையசைத்தார். குளிருக்கு மாற்றுக் காலுறை கொண்டுவந்தவர்கள் பையைத் துழாவினார்கள். இரண்டு கம்பளிக் காலுறைகள், பூனை முகம் போட்ட ஒன்று, குஸுமி-சான் தன் காலிலிருந்தே கழற்றிய சிவப்புக் காலுறை ஒன்று. நாலு சக்கரங்களுக்கும் மாட்டி ரப்பர் பேண்டு போட்டோம். கட்டில் ஏதோ விருந்துக்கு வந்ததுபோல் உள்ளே வந்தது.

சோதனைக்கு முன் குஸுமி-சான் எல்லோரையும் அட்டை அறைக்குள் உட்காரவைத்துப் பேசினார். இருபத்தோரு வயதில் சிறுநீரகக் கோளாறுக்காக ஒரு வசந்தகாலம் முழுக்க உள்பக்கக் கட்டிலில் கிடந்ததைச் சொன்னார்.

"வெளிய மழையா வெயிலான்னே தெரியாது. எங்கம்மா பார்க்க வருவாங்க. அவங்க குடையில தண்ணி சொட்டுதான்னு பார்ப்பேன். அதை வெச்சுத்தான் வானத்தைத் தெரிஞ்சுக்குவேன்," என்றார். "அவ்வளவுதான். வேற பெரிய காரணம் ஒண்ணும் இல்லை."

பிறகு ஆளுக்கொரு மார்க்கர் பேனாவைக் கொடுத்து, ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிய வேண்டுமோ அதை வரையச் சொன்னார். ஜன்னல்களுக்குப் பின்னால் வெள்ளை அட்டை வைத்திருந்தோம். உடனே கூடமே பள்ளிக்கூடமாக மாறிவிட்டது. ஒருத்தி கடலும் கணவாய் மீன் பிடிக்கும் படகும் வரைந்தாள். இன்னொருத்தி தன் வீட்டு நாயை மலை உயரத்துக்கு வரைந்தாள். நனாவோ என்ற இளம் செவிலி இராமென் நூடுல்ஸ் கடை ஒன்றை வரைந்து, அதன் வாசலில் ஓர் ஆணை நிறுத்திவைத்தாள்.

"யாருடி அவன்?"

"யாரோ வழிப்போக்கன்."

"வழிப்போக்கனுக்கு எதுக்கு இவ்வளவு நல்ல மூக்கு?"

சிரிப்பு அடங்கியபோது ஒரு ஜன்னல் மட்டும் வெறுமையாக இருந்தது. உள்பக்கக் கட்டிலின் ஒடுக்கமான ஜன்னல். பேனா சாயெகுசாவின் கையில் மூடியபடியே இருந்தது.

"நீங்களும் வரைங்க மேடம்."

"முதல்ல கட்டில் திரும்பட்டும்," என்றார் அவர். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

நான் படுத்தேன். குஸுமி-சான் எனக்குப் போர்வை போர்த்தி, கையில் ட்ரிப்ஸ் குழாய்க்குப் பதில் ஒரு கயிற்றைக் கட்டினார். மற்ற மூன்று கட்டில்களின் இடத்திலும் உடற்பயிற்சி மெத்தைகளைப் போட்டிருந்தோம். உள்பக்க மெத்தையில் டாக்டர் உகாய் நோயாளியாகப் படுத்துக்கொண்டார். இரவுப் பணி முடித்து நேராக வந்தவர். படுத்ததும் நிஜமாகவே தூங்கிப்போனார்.

"தம்பி, வடக்கே தலை வெச்சுப் படுத்திருக்கே," என்றார் மொகாமி.

"திரும்பினதும் கிழக்குக்கு வந்துடும்," என்றார் குஸுமி-சான். "திரும்பலன்னாதான் அவனுக்குக் கஷ்டம்."

நனாவோவும் இன்னொருத்தியும் தள்ளினார்கள். சாயெகுசா நடைபாதையில் கைகட்டி நின்றார். எனக்குக் கூரை மட்டும்தான் தெரிந்தது. கூரையின் இரும்புச் சட்டங்களுக்கிடையே ஒரு கைப்பந்து சிக்கியிருந்தது. எந்தப் பள்ளிக் கூடத்தை எடுத்தாலும் மேலே ஒரு பந்து சிக்கியிருக்கும். யார் அடித்தது, எந்த வருடம் என்று யாருக்கும் தெரியாது. வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் நான் அந்தப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த மூலையில மாட்டப் போகுது பாரு," என்றது சாயெகுசாவின் குரல்.

மாட்டவில்லை. கட்டில் வெண்ணெயில் கத்தி போவதுபோல் போனது. சுவரைத் தொடாமல், ஒரு மூச்சில், உள்பக்க ஜன்னலோரம் போய் நின்றது. கைதட்டல் எழுந்தது. இன்னொரு முறை தள்ளினார்கள், இன்னொரு முறையும் போனது. இதில் தள்ளியவர்களே வியந்துபோனார்கள். "விரலால தள்ளினாலே போகுது மேடம்."

சாயெகுசா உள்ளே வந்து மூலையைத் தடவிப் பார்த்தார். நடைபாதைக்குப் போய் எட்டிப் பார்த்தார்.

"இங்கேருந்து உள்பக்கம் படுத்திருக்கிற ரெண்டு பேர் முகம் தெரியல. அது எனக்குப் பிடிக்கல," என்றார். பிறகு பெருமூச்சு விட்டார். "சரி. இவ்வளவு நல்லாத் திரும்புதுன்னா நாங்க நாலு அடி கூட நடந்து பார்த்துக்கறோம். கட்டுங்க."

குஸுமி-சான் இடுப்பிலிருந்து குனிந்து வணங்கினார். நிமிர வெகுநேரம் ஆனது.

சாப்பாட்டுப் பெட்டிகள் வந்தன. எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். நனாவோவின் வழிப்போக்கன் விசாரணை மறுபடி தொடங்கியது. நான் மட்டும் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தேன். அந்தப் பந்து என்னை விடவில்லை.

கட்டில் திரும்பினால் படுத்திருப்பவனுக்குக் கூரை சுழல வேண்டும். முந்தைய எல்லா மருத்துவமனைகளிலும் எனக்கு அப்படித்தான் இருந்தது, ஒருமுறை தலைசுற்றி வாந்திகூட வந்திருக்கிறது. ஆனால் இன்று பந்து என் இடது கண்ணிலிருந்து வலது கண்ணுக்கு நேர்கோட்டில் நகர்ந்தது. பாதித் திருப்பத்துக்குப் பிறகுதான் கொஞ்சம் சுழன்றது. அப்படியென்றால் நான் முதலில் பக்கவாட்டில் போயிருக்கிறேன். இந்தக் கட்டிலின் பின்சக்கரங்கள் இரண்டும் திரும்பாதவை, அது பக்கவாட்டில் போகாது. சக்கரம் உருண்டால் போகாது.

மெழுகுபோட்ட தரை, கம்பளிக் காலுறை. சக்கரம் உருளவே இல்லை. கட்டில் நண்டுபோல் வழுக்கியிருக்கிறது.

குஸுமி-சானின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். அவர் அன்று பத்து வயது குறைந்தவர்போல் இருந்தார். சுருட்டிப் பொரித்த முட்டைத் துண்டைச் சாப்பாட்டுக் குச்சியில் எடுத்து வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"குஸுமி-சான், பந்து சுத்தல."

"எந்தப் பந்து?"

மேலே காட்டினேன். சொன்னேன். முட்டை வாய்க்கு முன்னால் நின்றது. அவர் பந்தைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், கட்டிலின் கால்களில் தன் சிவப்புக் காலுறையைப் பார்த்தார். முட்டையை மெதுவாக வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

"நீ சாப்பிட்டு முடிச்சப்புறமே சொல்லியிருக்கலாம்."

"மன்னிச்சுக்குங்க."

"சொல்லாமலும் இருந்திருக்கலாம்."

"ஆமா."

"கட்டி முடிச்ச பிறகு, ஒரு நாள் யாருக்காவது மூச்சு முட்டி, அவசரமா வெளிய தள்ளும்போது அந்த மூலையில மாட்டும்," என்றார், தனக்கே சொல்வதுபோல. "நல்ல ஜன்னல் பக்கத்துலயே." பெட்டியை மூடி ரப்பர் பேண்டைப் போட்டார். எழுந்து நின்றார். "எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. திரும்பினது என் அறை இல்லை. காலுறை."

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. முதலில் புரிந்தது சாயெகுசாவுக்கு. அவர் உதடுகள் இறுகின, நடுங்கின, பிறகு அவரால் முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். செவிலியர்கள் அவர் சிரித்து அதுவரை பார்த்ததில்லை போலிருந்தது. அதைப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள்.

"அப்போ தப்பு என் மேலயா?" என்றார் மொகாமி, முகம் சிவந்து.

"இல்லீங்க, நீங்க சொன்னது சரிதான். நாங்களும் சரின்னுதானே சொன்னோம்," என்றார் குஸுமி-சான். "ஆனா இப்போ காலுறையைக் கழட்டித்தான் ஆகணும்."

"என் தரையில முடியாது."

சாயெகுசா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "வெளியேருந்து வர்ற கால் அழுக்கா இருந்தா வீட்டுல என்ன செய்வீங்க?"

"கழுவச் சொல்லுவேன்."

"அதைத்தான் நாங்க தினமும் செய்யுறோம்."

ஹீட்டர் மேலிருந்த கெண்டியில் வெந்நீர் இருந்தது. வாளியில் ஊற்றி, சோப்பு கலந்து, செவிலியர்கள் மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் நோயாளியின் பாதத்தைக் கழுவுவதுபோலவே கழுவினார்கள். விரலிடுக்கு இல்லாத பாதம், ஆனாலும் இடுக்குகளில் துணியை விட்டுத் தேய்த்தார்கள். "சூடா இருக்குங்களா, தாத்தா?" என்று நனாவோ சக்கரத்தைப் பார்த்துக் கேட்டாள். மொகாமி கடைசியாக ஒவ்வொன்றிலும் உள்ளங்கையைத் தேய்த்து, கையைத் திருப்பிப் பார்த்தார். சுத்தம்.

"சரி, வரட்டும்," என்றார்.

மறுபடி படுத்தேன், வடக்கே தலைவைத்து. மறுபடி தள்ளினார்கள். இந்த முறை சக்கரம் கரகரவென்று உருளும் சத்தம் முதுகில் கேட்டது. பந்து நகர்ந்தது, சுழலத் தொடங்கியது, நின்றது. கால்மாட்டில் ஒரு முறிவுச் சத்தம். "இன்னும் கொஞ்சம் தள்ளுங்க," என்றார் குஸுமி-சான். தள்ளினார்கள். முட்டுச் சுவரின் மூலை நசுங்கி உள்வாங்க, மேல் பாதி சாய்ந்து என்மேல் விழுந்தது.

டாக்டர் உகாய் எழுந்து உட்கார்ந்தார். "நான் எந்த வார்டுல இருக்கேன்?"

மேலே கிடந்த அட்டையை நிமிர்த்திவிட்டுப் பார்த்தேன். குஸுமி-சான் வாளிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். முகத்தில் கார் நிறுத்தும் கட்டடம் தெரிந்தது. கட்டில் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. பந்தைப் பற்றி வாயைத் திறந்தது நான்தானே. வேறெங்கே பார்ப்பது என்று தெரியாமல், நசுங்கிய மூலை வழியாக வெளியே பார்த்தேன். அங்கே நடைபாதையில் சாயெகுசா நின்றிருந்தார். அவர் என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனுயி, அழுறியா?"

"இல்லீங்க."

"பொய் சொல்லாதே. எனக்கு உன் முகம் தெரியுது." அதைச் சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்பது அவருக்கே உறைத்தது. ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்தார், ஓர் அடி வலப்பக்கம் நகர்ந்தார். "டாக்டர், நீங்க படுங்க. ம், உங்க தலையும் தெரியுது. குஸுமி-சான், இங்க வாங்க. இங்க வந்து நில்லுங்க."

குஸுமி-சான் போய் அவர் பக்கத்தில் நின்றார். கட்டில் முட்டித் தள்ளியதில் சுவரின் மூலை சாய்வாக மடிந்திருந்தது. அந்தச் சாய்வு வழியே பார்வை தடையின்றி உள்ளே போயிற்று. குஸுமி-சான் அட்டை வெட்டும் கத்தியை எடுத்தார். மடிந்த கோட்டின் மேலேயே, கட்டில் காட்டிய வழியிலேயே, தரையிலிருந்து தலைக்கு மேல் வரை ஒரே இழுப்பில் அறுத்தார். மூலை துண்டாக விழுந்தது. நான் அதைத் தூக்கி ஓரமாக வைத்தேன்.

"இந்த இடத்துல வாஷ்பேசின் வரைஞ்சிருந்தேன்," என்றார் கத்தியோடு.

"நடைபாதையில வைங்க. உள்ள போகும்போது ஒரு தடவை, வெளிய வரும்போது ஒரு தடவை, ரெண்டு தடவையும் எங்களுக்கு அங்கதான் வேணும்," என்றார் சாயெகுசா. "வாசல்லயே கை கழுவிட்டு வரட்டும் எல்லாரும். மொகாமி-சானுக்குப் பிடிக்கும்."

மொகாமி மறுக்கவில்லை.

கட்டிலை நடைபாதைக்கு இழுத்து, மறுபடி தள்ளினார்கள். சக்கரம் உருண்டது. கூரைச் சட்டங்கள் மெல்லச் சாய்ந்தன, பந்து என் நெற்றிக்கு மேலே வட்டமாகச் சுழன்று கால்பக்கம் போயிற்று. தலை சுற்றியது. இவ்வளவு சந்தோஷமான தலைச்சுற்றல் எனக்கு வந்ததே இல்லை. திரும்பி வெளியே தள்ளினார்கள், அதுவும் வந்தது. அவசரம் என்று கத்திக்கொண்டு ஓட்டமாகத் தள்ளினார்கள், அதுவும். கடைசியில் மொகாமியே உள்செருப்போடு வந்து, "நான் ஒரு தடவை," என்று தள்ளினார். கையில் கொஞ்சம் வேகம் அதிகம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

சாயெகுசா நடைபாதையில் தன் இடத்தில் நின்று நாலு கட்டில்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஜன்னலோரம் இரண்டு, உள்ளே இரண்டு.

"சரி," என்றார். முதல்முறை சொன்ன சரியைவிட அது சின்னதாக இருந்தது. பெருமூச்சு மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒரே கூச்சல். இரண்டாம் தளத்திலிருந்து ஐந்தாம் தளம் வரை எல்லா அறைகளையும் இனி நான்தான் திருத்தி வரைய வேண்டும் என்று குஸுமி-சான் அறிவித்தார். அதற்கு எல்லோரும் கைதட்டினார்கள். என்னைத் தவிர. பூனைக் காலுறையின் சொந்தக்காரி அதை மூக்கருகே கொண்டுபோய், தூக்கிப்போட்டாள். வேன் கிளம்பும் நேரம் ஆனது. வாசலில் செருப்பு மாற்றும் சலசலப்பு. டாக்டர் உகாயைத் தேடிப் பார்த்தபோது மெத்தையில் மறுபடி தூங்கிக்கொண்டிருந்தார். அவரை அப்படியே விட்டுவிடலாமா என்று ஓர் ஆலோசனை நடந்தது.

அந்தக் குழப்பத்தில் சாயெகுசா மட்டும் அறைக்குள் திரும்பிப் போனதை நான் பார்த்தேன். வந்தபோது பேனாவின் மூடியை அழுத்தி மூடிக்கொண்டே வந்தார். என் பக்கம் திரும்பாமல் வேனில் ஏறிக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு குஸுமி-சான் உள்பக்கக் கட்டிலில் போய் உட்கார்ந்தார். பிறகு காலைத் தூக்கிப் படுத்தார். ஒரு காலில் சிவப்புக் காலுறை இருந்தது, இன்னொன்றில் ஒன்றுமில்லை. அதன் ஜோடி இன்னும் வாளிக்குப் பக்கத்தில் ஈரமாகக் கிடந்தது. இத்தனை வருடங்களில் தன் அறையில் அவர் படுத்து நான் பார்த்ததில்லை. அது என் வேலை.

அவர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். அப்படியே அசையாமல் கிடந்தார். நான் சுற்றி வந்து பார்த்தேன். வெள்ளை அட்டையில் நீல நிறத்தில் சாய்வாக மெல்லிய கோடுகள். பத்திருபது இருக்கும். வேறு எதுவும் இல்லை. மலை இல்லை, கடல் இல்லை.

"மழை பெய்யுது," என்றார் குஸுமி-சான்.

"குடை கொண்டு வரட்டுமா?"

"வேணாம்," என்றார். "இங்கேருந்தே தெரியுது."